தேர்வு முடிவும் தண்ணீர்ப் பந்தலும்



மே மாதம் பிறந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் பிளஸ் டூ எழுதிய பிள்ளை இருக்கும் வீடு எது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். தாயார் தஹஜ்ஜுதில் எழுந்து கண்ணீர் வடிக்கிறார். ஜும்ஆவில் மட்டுமே நாம் காணும் தகப்பனார் ஃபஜ்ருக்கு முதல் ஸஃப்பில் வந்து நிற்கிறார். (எந்தக் காரணத்தால் வந்தால் என்ன, வந்தாரே என்று நமக்கு மகிழ்ச்சிதான்.) பிள்ளையோ தேர்வு முடிந்த நாளிலிருந்து என்ன செய்வதென்று அறியாமல் தெருமுனையில் நிற்கிறான். படிப்பு முடிந்துவிட்டது, முடிவு வரவில்லை. இடையில் ஒன்றரை மாதம் வெயிலில் வீணாகிறது.

"அலம் நஷ்ரஹ்" என்று நம் பிள்ளைகள் ஓதும் சிறிய சூராவை எண்ணிப் பாருங்கள். கஷ்டத்தோடு இலேசும் இருக்கிறது என்று அல்லாஹ் சுப்ஹானஹு வதஆலா அதில் இருமுறை ஆறுதல் அளிக்கிறான். அத்தோடு நிறுத்தாமல், ஓர் அலுவலிலிருந்து ஓய்ந்ததும் அடுத்த முயற்சியில் இறங்கிவிடும்படி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு உத்தரவிடுகிறான். உலக அலுவல் முடிந்ததும் வணக்கத்தில் முனைவது என்று முஃபஸ்ஸிரீன்களில் சிலரும், ஒரு வணக்கம் முடிந்ததும் மறு வணக்கத்தில் நிற்பது என்று வேறு சிலரும் இதற்கு விளக்கம் கூறுவார்கள். எப்படிக் கொண்டாலும், சும்மா இருப்பதற்கு அதில் இடமில்லை.

2018-ஆம் ஆண்டு நாம் தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இமாமத் செய்துகொண்டிருந்தோம். அந்த ஏப்ரலில் மேற்கண்ட ஆயத்தைப் பயானில் சொல்லி, தேர்வு முடித்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துப் பள்ளிவாசலுக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். எல்லா மதத்தவரும், பிரயாணிகளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளும் நிற்கும் இடம் அது. மண்பானையில் தண்ணீர், மதியத்தில் நீர்மோர். ஆரம்பச் சுறுசுறுப்பு ஒரு வாரத்தில் அடங்கியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவ, ஒரே ஒரு தம்பி மட்டும் நிலைத்து நின்றான். வயது பதினேழு. அவனுடைய அத்தா பன்னிரண்டு ஆண்டுகள் சவூதியில் லாரி ஓட்டித் திரும்பியவர். மகன் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே ஆசை. தம்பி ஃபஜ்ரு முடிந்ததும் பானைகளைக் கழுவிக் கவிழ்ப்பான். மோருக்கு இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போடுவான். பஸ் வந்துவிட்டால் ஜன்னலுக்கே தம்ளரை நீட்டுவான்.

மே 16-ஆம் தேதி முடிவு வந்தது. அத்தாவின் கைப்பேசிக்கே குறுஞ்செய்தியாக வந்தது. கணிதத்திலும் இயற்பியலிலும் தம்பி தவறியிருந்தான். அன்று மாலை அத்தா பள்ளிக்கு வந்து நம்மைப் பார்த்துச் சொன்னார்: "ஊருக்கெல்லாம் மோரு ஊத்துனான் ஹஜ்ரத்து, பரீட்சையும் ஊத்திக்கிச்சு." அவர் குரலில் இருந்தது கோபம் என்றே நாம் எண்ணிக்கொண்டோம். சமாதானமாக இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த வாரமே ரமளானும் பிறந்ததால் நமக்கு ஆயிரம் வேலை.

இனிச் சொல்லப்போவது நம்முடைய தவறு.

ரமளானின் முதல் ஜும்ஆ. பிளஸ் டூவில் ஆயிரத்துக்கு மேல் மதிப்பெண் பெற்ற நம் ஜமாஅத்துப் பிள்ளைகள் நால்வரை, பயான் முடிந்ததும் எழுந்து நிற்கச் செய்து, பெயரையும் மதிப்பெண்ணையும் ஒலிபெருக்கியில் வாசித்து, நிர்வாகிகளைக் கொண்டு பொன்னாடை போர்த்தினோம். மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டிலேயே கைவிட்டிருந்தது. அரசாங்கம் வேண்டாமென்று விட்டதை மிம்பருக்கு அருகில் நாம் எடுத்து நிறுத்தினோம். படித்த பிள்ளைகளைப் பாராட்டுவது குற்றமா என்று கேட்பீர்கள். குற்றமில்லை, அவர்களும் இரவு பகலாக உழைத்தவர்களே. ஆனால் தொழுகை முடிந்ததும் மோதினார் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத்து, பந்தல் பையன் உள்ளே வரலை. செருப்பு விடுற இடத்துல நின்னு தொழுதுட்டு, ஸலாம் கொடுத்ததும் எந்திரிச்சுப் போயிட்டான்" என்றார்.

நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒருவர் வஃபாத்தாகிவிட்டார். அவர் ஒரு பெண்மணி என்றும் அறிவிப்பு உண்டு. இந்த மரணத்தைப் போய்ப் பெருமானாருக்கு அறிவிப்பானேன் என்று எண்ணிய ஸஹாபாக்கள், தாங்களே நல்லடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணாத நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்து, செய்தி அறிந்ததும், தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். இந்த ஹதீஸை எத்தனை மேடைகளில் நாம் சொல்லியிருக்கிறோம்! பள்ளிவாசல் பானையை நாற்பது நாள் கழுவியவனை அவன் கண்ணெதிரே நாம் காணவில்லை.

அன்றிரவு தராவீஹ் முடிந்து கதவடைக்கப் போனபோது, மாடியில் சுருட்டி வைத்த பாய்களுக்கு இடையில் தம்பி படுத்திருந்தான். வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டோம். "போகலை ஹஜ்ரத்து. இங்கேயே இருந்துடுறேன். கஞ்சி வேலை பார்க்கிறேன். பெருநாள் கழிச்சு என்னை மதரஸாவுல சேர்த்து விட்டுடுங்க. எனக்குப் படிப்பு வராது" என்றான். ஓத வருகிறேன் என்று ஒரு வாலிபன் சொன்னால் ஓர் ஆலிமுக்கு இனிக்கத்தானே வேண்டும்? நமக்குக் கசந்தது. பள்ளிக்கூடத்தில் தேறாத பிள்ளையை ஓத அனுப்பும் வழக்கம் நம் சமுதாயத்தில் வேரூன்றிக் கிடக்கிறது. தீனுடைய இல்மு தோல்விக்குக் குடிக்கும் கஷாயமன்று. விரும்பி வா, தலைமேல் வைத்துக்கொள்கிறோம். கணக்குக்குப் பயந்து வராதே என்று சொல்லிவிட்டோம்.

பிறகு அவனுக்கு மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைச் சொன்னோம். எகிப்தில் அவர் கையால் எதிர்பாராமல் ஓர் உயிர் போய்விட்டது. அரசனுடைய ஆட்கள் தேடுகிறார்கள். வீடில்லை, வேலையில்லை, கையில் உணவில்லை. மத்யன் ஊர்க் கிணற்றடிக்கு வந்து சேர்கிறார். ஆடு மேய்ப்பவர்கள் கூட்டமாக நீர் புகட்ட, இரண்டு பெண்கள் தங்கள் மந்தையைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள்; தகப்பனார் வயோதிகர். இவர் போய் அவர்களுக்காக நீர் இறைத்துக் கொடுக்கிறார். கூலி கேட்கவில்லை. பிறகு நிழலுக்கு ஒதுங்கி, நீ எனக்கு எந்த நன்மையை இறக்கினாலும் அதற்குத் தேவையுள்ளவனாக இருக்கிறேன் என்ற கருத்தில் இறைவனிடம் கையேந்துகிறார். அதன் பிறகே அந்த வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது; தங்குமிடமும் வேலையும் மனைவியும் கிடைக்கிறார்கள். தம்பி, நீ தண்ணீர் கொடுத்துவிட்டாய். ஆனால் துஆச் செய்யாமல் பாய்க்குள் ஒளிந்துகொண்டாய் என்றோம். அவன் சிரித்துவிட்டான். சிரிப்போடு அழுகையும் வந்தது.

அத்தாவின் அனுமதியில்லாமல் கஞ்சி அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னோம். யுத்தத்துக்குப் புறப்பட அனுமதி கேட்டு வந்தவரிடமே, பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குச் செய்யும் பணியில் பாடுபடும்படி அனுப்பி வைத்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பெற்றவரை மனம் நோகவிட்டுச் செய்யும் ஊர்ச்சேவை எந்தக் கணக்கில் சேரும்?

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவனை அழைத்துக்கொண்டு அத்தாவிடம் போனோம். அவர் இரவு முழுவதும் பஸ் நிலையத்திலும் வாய்க்கால் கரையிலும் மகனைத் தேடிவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். முதல் நாள் கோபம் என்று நாம் எண்ணியது பயம் என்பது அப்பொழுதுதான் விளங்கியது. தேர்வு முடிவு வந்த மறுநாள் செய்தித்தாளைப் பிரிக்க நமக்கும் அச்சமாகத்தான் இருக்கிறது. தன்னுயிரைத் தானே மாய்ப்பது மார்க்கத்தில் பெரும்பாவம் என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கிறோம். அவசியம் உரைக்க வேண்டும். அவர்களை அந்த விளிம்புவரை தள்ளும் வீட்டாரின் நாவைப் பற்றி எத்தனை ஜும்ஆவில் பேசினோம்? மனம் உடைந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை கூற அரசாங்கத்தின் 104 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அதைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைப்பதும் ஒரு கித்மத்துதான்.

அத்தாவிடம் நாம் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னோம். உஹது யுத்தத்துக்கு ஆர்வத்தோடு வந்த சிறுவர்கள் சிலரை வயது போதாதென்று நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களும், ஸைது (ரலி) அவர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்துல்லாஹ்வுக்கு அப்பொழுது பதினான்கு வயது. பதினைந்து வயதில் அகழ்ப்போரில் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். ஸைது (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொல்ல, பதினைந்து நாள் அளவில் கற்றுத் தேர்ந்தார்கள். பிற்காலத்தில் அபூபக்ரு ஸித்தீக் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பொறுப்பு அந்தக் கைகளுக்கே வந்தது. உஹதிலிருந்து திரும்பிய சிறுவனை மதீனாவில் யாரும் திண்ணையில் நிறுத்தி ஏசியதாக நாம் எந்தக் கிதாபிலும் படித்ததில்லை.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி ஹஜ்ரத்து. இவன் கஞ்சிக்கு வரணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. அஸரிலிருந்து மஃக்ரிப் வரை மட்டும் அனுப்புங்கள், மற்ற நேரம் துணைத்தேர்வுக்குப் படிக்கட்டும் என்றோம். யார் சொல்லிக் கொடுப்பது என்பதற்கு விடையும் கஞ்சி வரிசையிலேயே கிடைத்தது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், ஹிந்து சகோதரர், நாள்தோறும் பேத்தியோடு தூக்குவாளி கொண்டு வருவார். விஷயத்தைக் கேட்டதும், "இந்தப் பையனா? பந்தல்ல எனக்கு மோர் கொடுத்தவனாச்சே" என்று அன்றிரவே வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்.

தம்பியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டோம். மிம்பரில் கேட்டிருந்தால் அவன் மறுபடியும் ஊர்ப்பேச்சாகியிருப்பான். அந்த ஜமாஅத்தில் அதற்குப் பின் மதிப்பெண்ணை ஒலிபெருக்கியில் வாசிப்பதில்லை. தேறியவர்களுக்குரிய பரிசை நிர்வாகிகள் வீட்டுக்கே சென்று கொடுக்கிறார்கள். தேறாதவர்களின் வீட்டுக்கும் அதே நிர்வாகிகள் போய், துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்றா என்று கேட்டு வருகிறார்கள். இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்குத்தான் சில பெரியவர்களிடம் நாம் மிகவும் வாதாட வேண்டியிருந்தது.

ஜூன் கடைசியில் நடந்த துணைத்தேர்வில் அவன் இயற்பியலில் தேறினான். கணிதம் அடுத்த முயற்சியில்தான் கைகூடியது. பிறகு பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். 2021-ஆம் ஆண்டு மே மாதம் கொரோனாவின் இரண்டாவது அலையில், மையித்தைத் தொட உறவினரே அஞ்சிய நாட்களில், நம் மையவாடியில் குழி தோண்டி இறக்கிய வாலிபர்களில் அவனும் இருந்தான். அவ்வாண்டு பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. ஒரு நள்ளிரவில் நான்கு பேரை அடக்கிவிட்டுப் பாதுகாப்பு உடையைக் கழற்றிக்கொண்டு அவன் வெளியே வந்தபோது, மையவாடி வாசலில் அவனுடைய அத்தா ஒரு குடம் தண்ணீரோடும் சோப்போடும் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டோம். "இஷாவுலேருந்து" என்றார்.