வலி தெரியாததுதான் பக்தியா?

ஓம் சரவணபவ.

தைப்பூசத்துக்கு முதுகில் கொக்கி மாட்டிக் காவடி எடுப்பவன் நான். விரதம் இருந்து, மேளச் சத்தமும் அரோகரா கோஷமும் சூழ நிற்கும்போது கொக்கி இறங்கும். பெரிதாக வலிக்காது. ஆனால் மறுநாள் நிலைப்படியில் கால்விரல் இடித்தால் "ஐயோ அம்மா"ன்னு உட்கார்ந்துவிடுவேன். உடம்பு ஒன்றுதானே, இது எப்படி?

அக்கா மகன் மருத்துவம் படிக்கிறான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். முதுகில் குத்தும் சேதி நேராக மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தில் அடுத்த நரம்புக்குக் கைமாற வேண்டும். அது ஒரு வாசல் மாதிரி. அந்த வாசலுக்குக் காவல் மேலேயிருந்து வருகிறது. நடுமூளையில் ஒரு சின்னச் சாம்பல்நிறப் பகுதி முகுளத்துக்குக் கட்டளை அனுப்பும். அங்கிருந்து நரம்புகள் தண்டுவடத்துக்கு இறங்கும். செரோட்டோனின், நார்அட்ரினலின், அப்புறம் உடம்பே சுரக்கும் அபின் போன்ற என்கெஃபலின் எல்லாம் சேர்ந்து வலிச் சேதியை வாசலிலேயே அமுக்கிவிடும்.

1969-ல் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி எலிகளின் நடுமூளையில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டினார். மயக்க மருந்து இல்லாமலே வயிற்றில் அறுவை செய்தும் அவை துடிக்கவில்லை. 1978-ல் பல் பிடுங்கியவர்களுக்குப் போலி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நம்பிக்கையாலேயே சிலருக்கு வலி குறைந்தது. அபினை முறிக்கும் நாலாக்ஸோன் கொடுத்ததும் அவர்களுக்கு வலி ஏறியது. அதாவது, நம்பிக்கையும் உடம்பின் வழியாகத்தான் வேலை செய்கிறது.

"அப்போ முருகன் செய்யலையா மாமா?"ன்னு கேட்டான். "அந்தக் காவலை வச்சவனே அவன்தான்டா"ன்னு சொன்னேன். அதில் எனக்குச் சங்கடம் இல்லை. சங்கடம் வேறு இடத்தில்.

என் மனைவிக்கு நாலு வருஷமாக உடம்பெல்லாம் வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மருத்துவர் எழுதிய மாத்திரை மன அழுத்தத்துக்கும் கொடுப்பது என்று தெரிந்ததும், "இதெல்லாம் எதுக்கு? முருகான்னு மனசாரச் சொல்லு. நான் கொக்கியையே தாங்குறேன், உனக்கு நம்பிக்கை பத்தல"ன்னு சொல்லிவிட்டேன். தினமும் கந்த சஷ்டி கவசம் படிப்பவள் அவள். ஒன்றும் பேசவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அக்கா மகன் சொன்னான்: இப்படிப்பட்ட நோயில் பலருக்கு மேலிருந்து இறங்கும் அந்தக் காவலே பலவீனமாக இருக்குமாம். அந்த மாத்திரை செரோட்டோனினையும் நார்அட்ரினலினையும் கூட்டி அதே காவலுக்குத்தான் பலம் கொடுக்கிறதாம்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், ஊரே கூடி நின்று கொடுத்த பலம் அது. அவளோ மேளம் இல்லாமல், பார்க்க ஆள் இல்லாமல், ஒவ்வொரு நாளும் வலியோடு எழுந்து விளக்கேற்றுகிறாள். இதில் யார் பக்தி பெரிசு?

வலி தெரியாமல் இருப்பது அருள் என்றால், வலி தெரிபவர்களுக்கு அருள் இல்லை என்று ஆகாது. எதிர்த்து வந்த சூரனையே மயிலாகவும் சேவலாகவும் ஏற்றுக்கொண்டவன், வலியில் அழுபவளைத் தள்ளுவானா? தள்ளியது நான்தான்.

காலையில் மன்னிப்பு கேட்டேன். மருத்துவரிடம் மறுபடி கூட்டிப் போனேன். இப்போது மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன், விபூதியோடு.

வேல் என்றால் ஞானம் என்பார்கள். உங்கள் வீட்டில் யாராவது வலிக்குது என்றால், முதலில் நம்புங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!