ஐயத்தை உரைக்கும் அறம்: ஆங்கிலத் துணைவினைகள் பற்றிய ஒரு நோக்கு

பொய் கூறலாகாது என்பது எல்லாச் சமுதாயங்களும் ஏற்றுக்கொண்ட அறம். ஆயின், உண்மையென உறுதியாகத் தெரியாத ஒன்றைக் கூறவேண்டி நேரும்போது கடைப்பிடிக்கவேண்டிய அறம் யாது? மனிதர் பேசுவனவற்றுட் பெரும்பகுதி இத்தகையதே. நாளை நடக்கவிருப்பதையும், பிறர் உள்ளத்தில் உள்ளதையும், நம் கண்ணுக்கு மறைவில் நிகழ்ந்ததையும் பற்றி நாம் ஊகித்தே உரைக்கிறோம். ஊகத்தை ஊகமென உணர்த்தும் கருவிகள் மொழிகளில் அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் அவற்றுள் முதன்மையானவை மூன்று: ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ போன்ற துணைவினைகள், ‘திங்க்’, ‘பிலீவ்’ போன்ற எண்ணல் வினைகள், ‘பொசிபிளி’, ‘சேட்டன்லி’ போன்ற வினையடைகள். இவை ஒன்றோடொன்று கூடி நிற்கும்போதே இவற்றின் நுண்மை புலப்படுகிறது. அக்கூட்டத்தை ஆராய்வது இலக்கண ஆராய்ச்சி மட்டுமன்று. பேசுவோனின் பொறுப்புப் பற்றிய ஆராய்ச்சியுமாகும்.

முதலில் ‘மஸ்ட்’ என்னும் துணைவினையை நோக்குவோம். கட்டாயத்தைக் குறிக்கும் இச்சொல் ஊகத்தைக் குறிக்கவும் வரும். யன்னலூடாக மழையைக் காண்பவன் ‘இற் இஸ் றெயினிங்’ என்பான். உள்ளே வருவோரின் நனைந்த குடைகளை மட்டும் கண்டவன் ‘இற் மஸ்ட் பி றெயினிங்’ என்பான். வன்மையான சொல்லொன்று சேர்ந்த பின்னும் இரண்டாவது கூற்று முதலாவதிலும் வலிமை குன்றியதாகவே ஒலிக்கிறது. அது காண்டலாலன்றிக் கருதலாற் பெற்ற அறிவு என்பதைத் தானே அறிவித்துவிடுவதே காரணம். காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்த சைவசித்தாந்த நூல்களைக் கற்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. தமிழிலும் ‘மழை பெய்கிறது’, ‘மழை பெய்துகொண்டிருக்க வேண்டும்’ என்னும் கூற்றுகளிடையே இதனைக் காணலாம்.

துணைவினையோடு வினையடை கூடும்போது நிகழ்வது யாது? மொழியியலறிஞர் ஜோன் லையன்ஸ் சொற்பொருளியல் பற்றி 1977இல் வெளியிட்ட நூலில் இருவகைக் கூட்டங்களை வேறுபடுத்தினார். ‘ஹி மே பொசிபிளி பி லேற்’ என்பதில் இரு சொற்களும் ஒரே அளவான ஐயத்தையே உணர்த்துகின்றன. ஐயம் இருமடங்காவதில்லை; ஒன்றையே இரண்டும் சேர்ந்து சுமக்கின்றன. இது ஒத்திசைந்த கூட்டம். ‘சேட்டன்லி ஹி மே பி லேற்’ என்பதோ வேறு. இங்கு ஒரு சொல் மற்றையதை ஆள்கிறது. அவன் பிந்துவான் என்பதன்று, பிந்தக்கூடும் என்பதே உறுதி. ‘மே’ என்பதோடு ‘வெல்’ சேரின் பொருள் மீண்டும் மாறும். வெறும் இயலுமை நிகழத்தக்க வாய்ப்பாக உயர்கிறது.

எண்ணல் வினைகளின் இயல்பை மெய்யியலாளர் ஏம்சன் 1952இல் எழுதிய கட்டுரையொன்றில் விளக்கினார். ‘ஐ திங்க்’ போன்ற தொடர்கள் வாக்கியத்தின் தலையிலும் இடையிலும் கடையிலும் வரவல்லன. அவ்வாறு வருங்கால் அவை பேசுவோனின் உள்ளத்து நிகழ்ச்சியொன்றை அறிவிப்பனவல்ல. கூற்றை எவ்வாறு ஏற்கவேண்டுமெனக் கேட்போனுக்குக் காட்டும் குறிகளே. அக்குறிக்குள் துணைவினையும் புகுவதுண்டு. ‘ஐ ஷுட் திங்க்’ என்பதை ‘நான் நினைக்க வேண்டும்’ எனப் பெயர்த்தல் தவறாகும். ‘என்னைக் கேட்டால் அப்படித்தான் தோன்றுகிறது’ என்னும் அடக்கமே அதன் பொருள். அதனோடு ‘ஸோ’ சேர்த்து அழுத்திக் கூறின், ‘வேறெப்படி இருக்கமுடியும்?’ என்னும் உறுதி பிறக்கும். ‘வன் வுட் திங்க்’ எனத் தொடங்குவோனோ பெரும்பாலும் உண்மை அதற்கு மாறானது என்பதைக் குறிப்பாற் புலப்படுத்துகிறான்.

இங்கேதான் அறவினா எழுகிறது. ‘நான் அறிவேன்’ எனக் கூறுதல் வாக்குறுதி அளித்தலை ஒத்தது என ஒக்ஸ்போட் மெய்யியலாளர் ஒஸ்ரின் 1946இற் காட்டினார். அவ்வாறு கூறுவோன் தன் சொல்லை நம்பும் உரிமையைக் கேட்போனுக்கு வழங்குகிறான். ஆயின் துணைவினையும் எண்ணல் வினையும் வினையடையும் அவ்வுரிமைக்கு இடப்படும் வரம்புகள் எனலாம். பிணைநிற்போன் தான் பொறுப்பேற்கும் தொகையை முன்கூட்டியே வரையறுப்பது நேர்மை. வரையறுத்தவன்போலக் காட்டி எத்தொகையையும் குறிப்பிடாது விடுவது நேர்மையாகாது.

இதன் விளைவு சிறிதன்று என்பதற்கு ஐக்கிய அமெரிக்க வரலாற்றிற் சான்றுண்டு. 1951 மார்ச்சில் அந்நாட்டு உளவுத்துறையினர், யூகோசிலாவியாமீது அவ்வாண்டிலேயே தாக்குதல் நிகழ்வது கருத்திற்கொள்ளத்தக்க இயலுமையெனக் கொள்ளப்படவேண்டும் என மதிப்பிட்டனர். ‘நாம் நம்புகிறோம்’ என்னும் எண்ணல் வினையும் ‘ஷுட்’ என்னும் துணைவினையும் அவ்வாக்கியத்தில் இடம்பெற்றிருந்தன. அதன் பொருள் யாதென வெளியுறவுத் திணைக்கள அதிகாரி ஒருவர் வினவியபோது, அதைத் தயாரித்தோருள் ஒருவரான ஷேர்மன் கென்ற், நிகழ்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 65 என்றார். அதிகாரி திகைத்தார், அவர் விளங்கிக்கொண்டது அதனினும் மிகக் குறைவு. பின்னர் கென்ற் தம்முடன் பணியாற்றியோரை வினவினார். ஒரே வாக்கியத்துக்கு உடன்பட்ட அவர்களுள் ஒருவர் கொண்ட அளவு 20. இன்னொருவர் கொண்ட அளவு 80. தாக்குதல் நிகழவில்லை. எனினும், போரும் சமாதானமும் பற்றிய மதிப்பீடொன்றில் எல்லோரும் ஒப்பியது சொல்லை மட்டுமே என்பது வெளியாயிற்று. இவ்வனுபவத்தைக் கென்ற் 1964இற் கட்டுரையாக எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணளவு வகுக்க முயன்றார்.

எல்லா ஐயங்களையும் எண்ணால் அளக்கவியலாது என மறுப்போர் உளர். அது நியாயமான மறுப்பே. நண்பனின் நோய் தீருமா என வினவும் தாய்க்கு நூற்றுவீதம் கூறுவது அறிவுடைமையன்று. ஆயினும் எண்ணின்றியும் தெளிவு இயலும். ‘இதனைக் கண்டேன், இதனை ஊகித்தேன், இதனைப் பிறர் கூறக் கேட்டேன்’ எனப் பிரித்துரைத்தல் எவர்க்கும் கைகூடும். மாறாக, ‘மே’யும் ‘பேர்ஹப்ஸு’ம் ‘ஐ திங்க்’கும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, நிகழ்ந்தாலும் ‘சொன்னேனே’ என்றும், நிகழாவிட்டாலும் ‘ஐயமென்றுதானே சொன்னேன்’ என்றும் தப்பிக்கொள்பவன் அடக்கமுடையவன் அல்லன். அவன் தன் கூற்றின் சுமையைக் கேட்போனின் தோளில் இறக்கிவிடுகிறான்.

ஆகவே, ஐயச்சொற்களைச் சோதிக்க ஒரு வினா போதும்: இச்சொல் கேட்போன் செய்யவேண்டியதைத் தெளிவாக்குகிறதா, சொல்வோன் பின்னர் தப்புவதற்கு வழிவைக்கிறதா? இலக்கணம் இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தருகிறது. அவற்றுள் ஒன்றைத் தெரிவது பேசுவோனின் கடன்.