வெள்ளம் ஏன் மறந்துபோகிறது?

வெள்ளத்தைப் பற்றிய பயம் மனித மனத்தில் எத்தனை ஆண்டு தங்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடச் சென்னையின் மேற்குப் புறநகரைவிடப் பொருத்தமான இடம் குறைவு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த ஊர்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு கரை குறுக்கிடும்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்தில் சுமார் 47 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு சில மாதங்கள், மனை வாங்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது “மழைக்காலத்துல இங்க தண்ணி நிக்குமா?” என்பதைத்தான். 2019 கோடையில் அதே ஏரி வறண்டது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் புறப்பட்ட ரயில் ஆவடி, அம்பத்தூர் நிலையங்களைக் கடந்து வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. மனை பார்க்க வந்தவர்களின் கேள்வியும் மாறிவிட்டது: “போர்ல தண்ணி வருதா?” 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையை மூழ்கடித்ததும் பழைய கேள்வி திரும்ப வந்தது.

இதை மக்களின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மனம் ஆபத்தை அளக்கும் முறையே அப்படித்தான். ஒரு நிகழ்ச்சி எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறதோ, அவ்வளவு அடிக்கடி அது நடக்கும் என்று மனம் மதிப்பிடுகிறது. ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இல் விளக்கிய இயல்பு இது. வெள்ளம் வடிந்த மறுவாரம் ஆபத்து மிகையாகத் தெரிகிறது. மூன்று வறண்ட பருவங்கள் போனால் இல்லாமலே போய்விடுகிறது. அமெரிக்காவில் வெள்ளக் காப்பீடு எடுத்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் அதைக் கைவிட்டதை ஆய்வுகள் காட்டின. பயம் குறைந்தால் காப்பீடும் போய்விடுகிறது.

எண்களும் இங்கே பெரிதாக உதவுவதில்லை. ‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்றால், ஒருமுறை வந்துவிட்டது, இனிப் பேரன் காலத்தில்தான் என்று தோன்றும். உண்மையில் அது ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அப்படியொரு வெள்ளத்தைப் பார்க்க ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்பு உண்டு. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

தனிமனிதரின் மறதி ஒரு வகை. தலைமுறையின் மறதி அதைவிட ஆழமானது. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் இதைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் வேலையில் சேர்ந்தபோது கடலில் இருந்த மீன்வளத்தையே இயல்பான அளவாகக் கொள்கிறார்கள். ஹூஸ்டன் நகரச் சிறுவர்களிடம் பேசிய உளவியலாளர் பீட்டர் கானும் இதையொட்டிய ஒன்றைக் கண்டார். மாசு என்றால் என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது; தங்கள் நகரம் மாசுபட்டது என்றுதான் பலருக்குத் தோன்றவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அதற்கு முந்தைய வயல்களையும் வாய்க்கால்களையும் கண்ணால் பார்த்தவர்களுக்கு இன்று எழுபது வயதாவது இருக்கும். அடுக்குமாடியில் பிறந்த பிள்ளைக்கு வேலிக்குள் நிற்கும் நீரின் அளவுதான் ஏரியின் அளவு. அந்தப் பிள்ளை எதையும் மறக்கவில்லை. மறக்க அதனிடம் ஒன்றும் இருந்ததில்லை.

ஏரி வெட்டியவர்கள் மனித நினைவை நம்பியிருக்கவில்லை. நீர் எந்த மட்டத்தைத் தாண்டினால் எந்தத் திசையில் வெளியேற வேண்டும் என்பதைக் கலங்கலாகக் கல்லில் கட்டிவைத்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரிவாரியம் என்ற குழுவுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகச் சொல்கின்றன. உறுப்பினர் பதவி 360 நாளுக்குத்தான். ஆட்கள் மாறினாலும் ஏரியைக் கவனிக்கும் பொறுப்பு குழுவிடம் நின்றது. கலங்கலுக்குக் கீழே உபரிநீர்க் கால்வாயில் மனை போட்டுவிட்டால் அந்த ஏற்பாடு பாதியில் அறுந்துவிடும்.

இப்போதைய புறநகரில் வெள்ள நினைவு தங்கியிருப்பது பெரும்பாலும் வீட்டின் அஸ்திவார உயரத்தில். ஒருமுறை நனைந்தவர்கள் தெருவைவிட மூன்று, நான்கு அடி ஏற்றிக் கட்டுகிறார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி தார் போடுவதால் தெருவும் உயர்ந்துகொண்டே போகிறது. இருபது ஆண்டுக்கு முன் கட்டிய வீட்டுக்குள் இன்று படியிறங்கித்தான் போக வேண்டும். ஏற்றிக் கட்டிய வீட்டில் நுழைய முடியாத தண்ணீர், பக்கத்திலுள்ள அந்தத் தாழ்ந்த வீட்டுக்குள் போகிறது.