பீடையும் துவக்கும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறையிலுள்ள உபமின் நிலையத்திற் குரங்கொன்று புகுந்து மின்மாற்றியைத் தீண்டியதே காரணம் என்று பொறுப்பான அமைச்சர் அறிவித்தார். வெள்ளவத்தையில் நாங்கள் வாழும் மாடிக் குடியிருப்பில் மின்தூக்கி நின்றது. சிறிது நேரத்திற் குழாயில் நீரும் நின்றது. வாயிலிற் கூடிய அயலவர் முதலிற் சிரித்தனர். பின்னர் அவர்களுள் ஒருவர், "இந்தக் குரங்குகளையெல்லாம் சுட்டுத் தள்ள வேணும்" என்றார். எவரும் மறுக்கவில்லை. மறுக்காதோருள் நானும் ஒருவன்.

சில வாரங்களின் பின், கொட்டாஞ்சேனையில் உறவினர் வீடொன்றில் இருவரைச் சந்தித்தேன். ஒருவர் வவுனியாவுக்கு அப்பால் நான்கு ஏக்கர் நிலம் வைத்துப் பயிரிடும் முதியவர். மற்றவன் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய மருமகன். அந்நாட்டின் சமவெளிப் பண்ணைகளில் வளை தோண்டிப் புல்லையும் பயிரையும் அழிக்கும் நில அணில்களை நெடுந்தொலைவில் நின்று சுடுவது அவனது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. சுடுவதிலும் பார்க்க, அதற்கான தோட்டாவைத் தானே செய்வதில் அவனுக்குப் பேரார்வம். சுட்டு வெறுமையான பித்தளைக் கூட்டைப் பொறுக்கியெடுத்து, பழைய அளவுக்கு அமுக்கி, புதிய கேப் பொருத்தி, வெடிமருந்தை நுண்தராசில் நிறுத்து இட்டு, இலேசான சன்னமொன்றை வாயில் இருத்துவதை அவன் விவரித்தான். அவன் பேசியபோது ஒரு கைவினைஞனுக்குரிய பெருமிதம் அவன் முகத்தில் இருந்தது. அப்பெருமிதத்தை நான் இகழவில்லை. கையாற் செய்யும் எதனையும் செம்மையாகச் செய்ய விழைவது மனித இயல்பின் நற்பகுதி.

அக்கலையின் உயிர்நாடி வேகம். எங்கள் மாணவர் எவரும் கடதாசியிற் கணக்கிட்டுப் பார்க்கலாம். முந்நூறு யார் என்பது தொளாயிரம் அடி. செக்கனுக்கு 1200 அடி வேகத்திற் செல்லும் பழைய ஈயக்குண்டு அத்தூரத்தைக் கடக்க முக்காற் செக்கன் எடுக்கும். காற்றின் தடையை விட்டுக் கணக்கிட்டாலும், அதற்குள் புவியீர்ப்பு அதனை ஒன்பது அடி கீழே இழுத்துவிடும். செக்கனுக்கு 3600 அடி வேகத்திற் செல்லும் சன்னத்துக்குக் காற் செக்கன் போதும். அது தாழ்வது ஓரடி மாத்திரமே. வேகம் மும்மடங்காகத் தாழ்வு ஒன்பதிலொன்றாகிறது. எனவே சுடுபவன் தூரத்தை நுணுக்கமாக மதிப்பிட வேண்டியதில்லை. குறியை நேரே நோக்கினாற் போதும். 1935இல் அமெரிக்காவில் வெளிவந்த 220 சுவிஃப்ட் என்ற தோட்டா செக்கனுக்கு நாலாயிரம் அடியையும் தாண்டியது. இவ்வேகத்துக்கு விலையும் உண்டு. உயர்ந்த அழுத்தமும் வெப்பமும் குழாயின் உட்புறத்தை விரைவில் அரித்துவிடுகின்றன. இத்தகைய சன்னங்களின் மேலுறை மிக மெல்லியது; சிறு உடலைத் தொட்ட கணமே சிதறும்படி அவை செய்யப்படுகின்றன. கொல்லப்படுவது உண்ணப்படுவதில்லை. பெரும்பாலும் எவரும் அருகிற் சென்று பார்ப்பதுமில்லை.

மருமகன் இவ்வளவையும் சொல்லி முடித்து, "மாமா, இப்பிடி ஒண்டு உங்களிட்ட இருந்தால் பயிரைக் காப்பாத்தலாமே" என்றான்.

முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "தம்பி, முந்நூறு யாருக்கு அப்பால நிக்கிறதை நான் ஏன் சுட வேணும்? அது என்ர படலைக்குள்ளயெல்லோ நிக்குது" என்றார்.

இருவரும் சிரித்தனர். எனக்கோ, நாம் ஆராயவேண்டிய வினா அம்மறுமொழியில் அடங்கியிருப்பதாகத் தோன்றியது. பயிரை அழிக்கும் பிராணியைக் கொல்லுதல் அறமாகுமா? ஆகுமெனின், எவருக்கு, எந்த நிலையில், எந்த மனத்தோடு?

இதற்குக் கொல்லாமை என்ற ஒரு சொல்லால் மறுமொழி கூறிவிடுவோர் உளர். அவர்களுட் பலர் என்னைப் போலக் கொழும்பில் வாழ்பவர். தேங்காய் விலை ஏறியதென்று காலி வீதிக் கடையில் முறையிடுகிறோம். அத்தேங்காயைக் குரும்பையிலேயே குரங்கு பறித்தெறிந்ததனால் ஓராண்டு வருவாயை இழந்தவனை நாம் அறிவதில்லை. இரவு முழுவதும் பரணில் விழித்திருந்து, விடியற்காலையில் ஒரு கணம் கண்ணயர்ந்து, எழுந்து பார்க்கும்போது பன்றிக்கூட்டம் கிழங்குப் பாத்தியை உழுதுவிட்டுப் போயிருக்கக் காண்பவனுக்கு நம்முடைய கருணை எந்த நட்டஈட்டையும் தருவதில்லை. செலவில்லாத கருணையை அறமென்று கொள்வதற்கில்லை. தன் பிள்ளைகளின் உணவைக் காக்க ஒருவன் கை ஓங்குவானாயின், அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் உரிமை அவ்வுணவை உண்பவருக்கு இல்லை.

நமது இலக்கியமும் இப்போராட்டத்தை அறியும். தினைப்புனங் காக்கும் மகளிர் கிளியோட்டுவதைச் சங்கப் புலவர் பலகாற் பாடினர். அவர்கள் கையிற் கவணும் தட்டையும் தழலும் குளிரும் இருந்தன. அவை பெரும்பாலும் ஓசையெழுப்பி ஓட்டும் கருவிகள். புனத்தில் நின்றவள் கிளியைக் கண்டாள். கிளியும் அவளைக் கண்டது. காவல் என்பது ஓர் உயிர் இன்னோர் உயிரின் எதிரே நிற்பதாக இருந்தது. அக்காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. அங்கும் வேட்டுவர் இருந்தனர், வில்லும் இருந்தது. எனினும் காத்தலும் வேட்டையாடுதலும் இருவேறு தொழில்கள் என்பது அன்று தெளிவாயிருந்தது.

இவ்விரண்டையும் நம் நாட்டில் ஒன்றாகக் குழப்பியது அந்நிய ஆட்சி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரிய சொத்தாக்கியது. அவ்வாறு பெற்ற மலைக்காடு கோப்பித் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டது. காட்டை இழந்த யானை வயலுக்கு இறங்கியதும், அதனைக் கொல்வோருக்கு அரசாங்கம் சன்மானம் வழங்கியது. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலிற் கணக்குத் தருகிறார். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. 1851க்கும் 1856க்கும் இடையிற் காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் 2000. இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டிப் பெருமை கொள்ளும் யானை, அன்று அரசாங்கப் பதிவேட்டில் ஒரு பீடை.

ஆளும் வர்க்கத்தாருக்கோ அஃது இன்பமும் ஆயிற்று. மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் அவர் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவிற் குடியேறிய சாமுவெல் பேக்கர், இலங்கையில் தாம் ஆடிய வேட்டையைப் பற்றி 1850களில் ஒரு நூலே எழுதினார். கனத்த அளவு வெடிமருந்து இடுவதன் சிறப்பை அவர் வற்புறுத்தினார். கனடாவிலிருந்து வந்த இளைஞன் நுண்தராசில் நிறுத்துப் பார்க்கும் ஆசை, இம்மலைகளில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே உலாவிய ஆசைதான்.

இங்கு வேறுபாடொன்றை வலியுறுத்த வேண்டும். வவுனியாக் கமக்காரன் பிராணி வராமலிருக்க வேண்டுமென்று விரும்புகிறான். அது வராவிட்டால் அவனுக்கு நிம்மதி. துவக்கு மூலையிற் கிடக்கும். பொழுதுபோக்குக்காகச் சுடுபவனோ அது வரவேண்டுமென்று விரும்புகிறான். வராவிட்டால் அவனுக்கு ஏமாற்றம். ஒருவனுக்குக் கொலை இறுதி வழி. மற்றவனுக்கு அதுவே நோக்கம். பயிர் அதற்கோர் அனுமதிச் சீட்டு. இருவர் செயலிலும் இறப்பது ஒரே பிராணியாக இருக்கலாம். ஆயினும் அறத்தின் தராசில் இரண்டும் ஒரு நிறையல்ல. தன் கலையின் செம்மையைக் காரணங்காட்டி இரண்டாமவன் தப்பவும் இயலாது. செம்மையான சூடு வேதனையைக் குறைக்கும் என்பது உண்மை. காயப்பட்டோடி நாட்கணக்கிற் சாவதிலும் ஒரே கணத்திற் சாவது மேல். ஆனால் அது எவ்வாறு கொல்வது என்ற வினாவுக்கே விடை. ஏன் கொல்வது என்ற வினா அதனாற் சிறிதும் தீரவில்லை.

இந்நாட்டிற் கமக்காரனுக்கு அச்செம்மையும் கிடைப்பதில்லை. உரிமம் பெற்ற துவக்கு எல்லோருக்கும் எட்டுவதன்று. ஆகவே கட்டுத்துவக்கு வருகிறது. கள்ளமாக மின்பாய்ச்சிய கம்பி வருகிறது. பூசணிக்குள்ளும் கிழங்குக்குள்ளும் வெடிமருந்தை மறைத்துவைக்கும் 'ஹக்க பட்டஸ்' வருகிறது. பன்றிக்கென வைத்த வெடியைக் கடித்துத் தாடை சிதைந்த யானைக் கன்று, உண்ணவும் குடிக்கவும் இயலாது மெல்ல மெல்லச் சாகிறது. கட்டுத்துவக்குக்கு மானும் மனிதனும் ஒன்றே. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டுதோறும் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூறுக்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். மாண்டவருள் வெள்ளவத்தையில் வாழ்ந்தவர் எவரும் இருந்திருப்பர் என்று நான் நினைக்கவில்லை.

ஆட்சியாளர் இதற்குக் கண்ட பரிகாரங்களையும் பார்த்தோம். 2023 ஏப்ரலில், இலங்கைக்கே உரிய செங்குரங்குகளில் ஓரிலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அன்றைய விவசாய அமைச்சர் வெளியிட்டார். சூழலியலாளர் நீதிமன்றம் சென்றனர். அரசு அம்முயற்சியைக் கைவிட்டது. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம், தம் நிலத்தில் நிற்கும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணும்படி நாட்டு மக்கள் கேட்கப்பட்டனர். எண்ணுவது நன்று. ஆனால் காட்டின் எல்லையில் வேலி எத்தனை மைல், பயிரிழந்தவருள் நட்டஈடு பெற்றவர் எத்தனை பேர், வெட்டப்பட்ட காடு எவர் கைக்குப் போயிற்று என்பவற்றையும் அதே ஊக்கத்தோடு எண்ணினாலன்றிக் கணக்கு முழுமையாகாது. குரங்கு வாக்களிப்பதில்லை, நிலத்தை வளைத்துக்கொள்பவர் செல்வாக்குள்ளவர். எண்ணுவதற்கு எது இலகு என்பது இதிலிருந்தே விளங்கும்.

இதுவரை சொன்னது பிராணிகளைப் பற்றியது. எனினும் 'பீடை' என்ற சொல் பிராணியோடு நின்றுவிடுவதில்லை. அதனாலேயே இவ்வினா எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

உடலுட் புகுந்ததும் விரியும் சன்னத்தைப் பிரித்தானியர் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையிற் செய்து, வடமேற்கு எல்லைப் போர்களிற் பயன்படுத்தினர். 1899இல் ஹேக் மாநாடு அதனைத் தடைசெய்ய முனைந்தபோது பிரித்தானியப் பிரதிநிதி ஆர்டா எதிர்த்தார். நாகரிகமடைந்த போர்வீரன் காயப்பட்டால் ஒதுங்கிவிடுவான். காட்டுமிராண்டியோ காயப்பட்டும் பாய்ந்து வருவான். ஆதலால் அவனுக்கு இச்சன்னம் தேவை என்பது அவர் வாதம். தடை நிறைவேறியது, ஆயினும் அது கையொப்பமிட்ட நாடுகள் தம்முள் நடத்தும் போருக்கே பொருந்தும் என எழுதப்பட்டது. அடிமைப்பட்ட மக்கள் அப்பட்டியலில் இல்லை. பிரித்தானியா அதனை ஏற்றது 1907இல். விலங்குக்கும் நாகரிகமுள்ள மனிதனுக்கும் இடையே ஒரு வகுப்பை வைத்து, அதிற் கோடிக்கணக்கான மக்களை நிறுத்திவிட்டார்கள்.

இஃது அந்நியர் மாத்திரம் செய்த பிழையன்று. 1983 யூலையில் எங்கள் வெள்ளவத்தை வீதிகளில் வீடுகள் எரிந்தன. எரித்தவர் கையிலிருந்த பந்தத்துக்கு முன்னே பல்லாண்டுகளாக வளர்க்கப்பட்ட சொற்கள் இருந்தன. அதே காலத்தில் நம்மவர் இயக்கங்கள் மின்கம்பத்திற் கட்டிச் சுட்ட மனிதரின் கழுத்தில் 'சமூக விரோதி' என்று எழுதித் தொங்கவிட்டன. மாற்றுக் கருத்துடையோரைக் கொன்றதற்கு நம்மிடையே வழங்கிய பெயர் 'களையெடுப்பு'. கொல்லாமைக்கு ஓரதிகாரம் வகுத்த வள்ளுவரே, கொடியவரை அரசன் கொலையால் ஒறுப்பதைக் களையெடுப்புக்கு ஒப்பிட்டவர். அவ்வுவமையை நாம் பள்ளியில் மனனஞ் செய்தோம். களை எது, பயிர் எது என்பதைத் தீர்ப்பவன் எவன் என்று கேட்க எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. ஆசிரியராக நானும் கற்பிக்கவில்லை.

ஓர் உயிரைப் பீடையென்று பெயரிட்டுவிட்டால் அதனை முகங்கொடுத்துப் பார்க்கும் கடமை நீங்கிவிடுகிறது. முந்நூறு யார் தொலைவு செய்யும் வேலையை ஒரு சொல்லே செய்துவிடுகிறது. தட்டையாய்ப் பறக்கும் சன்னத்துக்கு இடைவெளியைக் கணிக்க வேண்டியதில்லை என்றேன், இச்சொல்லுக்கும் அவ்வாறே.

முடிவாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பயிரைக் காக்கும் போராட்டத்தில் ஓருயிரைக் கொல்ல நேர்வது சில வேளைகளிற் தவிர்க்க முடியாதது. அதனை நேர்ந்த துன்பமாகவே கொள்ளவேண்டும். இன்பமாகவோ வெற்றியாகவோ கொள்ளலாகாது. அதற்கு முன்னர் வேலியும் காவலும் நட்டஈடும் முயன்று பார்க்கப்பட வேண்டும். அவற்றின் செலவைக் காட்டோரத்து ஏழையின் தலையில் மட்டும் சுமத்தாது, அவன் விளைவித்ததை உண்ணும் நகரத்தவர் அனைவரும் பகிரவேண்டும். அச்செலவுக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டே துவக்கை அவன் கையிற் கொடுப்பவரும், அச்செலவுக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டே துவக்கை அவன் கையிலிருந்து பறிப்பவரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்.

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்படும்போது முதியவரிடம், நீங்கள் எப்போதாவது குரங்கைச் சுட்டதுண்டா என்று கேட்டேன். "ஒரு தரம்" என்றார். "குட்டி வயித்தோட ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு நான் சுடேல்லை." அவ்வாண்டு தென்னையிலிருந்து அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நட்டத்தை அவர் ஒருவரே தாங்கினார்.