தூய்மை எங்கே உளது?

மண்ணுக்குத் தூய்மை உண்டா? உண்டெனில் அதனைக் கெடுப்பது யாது? ஜப்பான் தேசத்து இட்சுகுஷிமா தீவின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

ஹிரோஷிமா விரிகுடாவில் உள்ள அத்தீவை மியாஜிமா என்றும் வழங்குவர். ஆங்குள்ள பழைய ஷிந்தோ ஆலயத்தை 1168ஆம் ஆண்டளவில் தைரா நோ கியோமோரி என்னும் தலைவன் விரிவாக எடுப்பித்தான். தீவு முழுதும் புனிதம் எனக் கருதியமையால், கடல்நீர் ஏறியிறங்கும் கரையில் தூண் நாட்டிக் கட்டினர். ஓதம் பெருகுங்கால் ஆலயம் நீர்மேல் மிதப்பதுபோல் தோன்றும். 1875இல் கடலுள் எழுப்பிய செந்நிற வாயில் தன் பாரத்தாலேயே நிற்கிறது.

அத்தீவில் பிறப்பும் இறப்பும் நிகழலாகாது என்பது பண்டை விதி. சூல் முதிர்ந்த மகளிரைப் படகேற்றி அக்கரைக்கு அனுப்பினர். சடலங்களையும் அக்கரையிலேயே அடக்கம் செய்தனர். 1555இல் மோரி மொத்தொனாரி அங்கே போர் புரிந்து வென்றான். பின்னர்ப் பிணங்களை அகற்றி, குருதி தோய்ந்த மண்ணை வாரியெடுத்து, ஆலயத்தைக் கழுவச் செய்தான் என்பர். பலகை தூய்மையுற்றது, கொன்ற கை தூய்மையுற்றதா? உயிர் ஈன்றவளை விலக்கிய மண்ணில், உயிர் பறித்தவன் நின்று கழுவ ஆணையிட்டான்!

தீட்டு என்னும் சொல்லின் பாரத்தை நாம் அறிவோம். ஆலையில் உழைத்த நாளில் தண்ணீர்ப் பானையைத் தொடாதே எனத் தடுக்கப்பட்டவன் யான். ஆயினும் நடுநிலை தவறலாகாது. அதே புனித எண்ணம் மக்களின் கோடரியையும் தடுத்தது. அதனால் மிசென் மலையின் பழங்காடு பிழைத்தது. 1996இல் ஆலயத்தோடு அக்காடும் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பெற்றது. ஆதலின் உரைகல் ஒன்றே: என் கையைத் தீமையினின்று தடுக்கும் விதி அறமாம், பிறரை விலக்கித் தள்ளும் விதி அறமன்று. ஒருவன் தூயனாவதும் மாசுறுவதும் பிறப்பாலன்று, நீராலுமன்று, தன் செயலாலேயே என்பதன்றோ பகவன் காட்டிய நெறி!

மிசென் மலையில் பௌத்தத் துறவி கூக்காய் 806இல் மூட்டியதாகச் சொல்லப்படும் நெருப்பு இன்றும் காக்கப்படுகிறது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் அவ்விரிகுடாவின் கரையிலுள்ள ஹிரோஷிமா நகரம் அணுகுண்டால் எரிந்தது. 1964இல் அந்நகரில் அமைதிச் சுடர் ஏற்றியபோது மிசென் நெருப்பும் அதற்குத் துணையாயிற்று என்பர். சாவைத் தன் கரையில் ஏலாத தீவு, சாவால் நிறைந்த நகரத்திற்குத் தன் நெருப்பை ஈந்தது! விலகி நின்று காத்த தூய்மையினும், துயருற்றாரிடம் சென்ற தூய்மையே பெரிது. இதனை நம் இல்லங்களிலும் எண்ணிப் பார்ப்போமாக.