கமராவின் முன்னே கட்டுண்ட நாவு

சபையில் ஒரு மணித்தியாலம் தங்குதடையின்றிப் பேசக்கூடியவர், முகத்துக்கு நேரே கமராவை நீட்டியதும் இரண்டு வசனத்தில் வரண்டு போகிறார். சபையில் தலையசைப்பு உண்டு, சிரிப்பு உண்டு, கொட்டாவியும் உண்டு. பேச்சு அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. கமராவோ எதையும் திருப்பித் தருவதில்லை. பதிவைப் போட்டுப் பார்த்தால் சங்கடம் இன்னும் கூடும். நமது குரலை மண்டையோட்டின் அதிர்வோடு சேர்த்தே கேட்டுப் பழகிவிட்டோம். பதிவில் அது மெலிந்து வேறொருவருடையதாய் ஒலிக்கிறது. முகமும் அப்படித்தான். நாள்தோறும் கண்ணாடியில் இடம் வலமாகப் பார்த்த முகம் அங்கே இல்லை.

இந்த அச்சத்தை எப்பாடுபட்டேனும் வென்றுவிடத்தான் வேண்டுமா?

பக்தாத் நிழாமிய்யாவில் கற்பித்துக்கொண்டிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நாவு ஹிஜ்ரி 488இல் (1095) கட்டுண்டது. மாணவர் முன் ஒரு சொல்லும் வரவில்லை, உணவும் இறங்கவில்லை. தமது கற்பித்தல் இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி அதற்கு முன்பே பல மாதங்களாக அவரை அலைக்கழித்தது. புகழுக்காகவே என்று கண்டதை ‘அல்முன்கித்’ நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பதவியைத் துறந்து வெளியேறியவர், மீண்டும் நைஸாபூரில் கற்பிக்க வந்தது பதினொரு வருடங்களுக்குப் பிறகு.

இதைப் படித்துவிட்டு மௌனமே பத்திரம் என்று முடிவுகட்டுவோர் உண்டு. (நமது இலக்கிய வட்டத்தில் அதற்குப் பணிவு என்றும் பெயர் வைத்திருக்கிறோம்.) ஆனால் மனிதர்களுக்காக ஒரு நற்செயலைக் கைவிடுவதும் முகஸ்துதியே என்பது புழைல் இப்னு இயாழ் (ரஹ்) கூறியதாக வழங்கும் கருத்து. தன்னைக் காட்டப் பேசுபவரும், தன்னைக் குறைவாக எண்ணிவிடுவார்களோ என்று வாய்மூடுபவரும் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தாளர்களாகிய எமது தயக்கம் பெரும்பாலும் இவ்வகையினதே என்பது என் எண்ணம்.

எல்லா நடுக்கத்தையும் இக்கணக்கில் சேர்க்க முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். அன்று நாற்பது வயதாயிருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியவர். புத்தளத்து வீடுகளில் அரிசி புடைத்தபடி அந்தப் பயணத்தை முழுதாகச் சொல்லும் மூத்தம்மாமார், கமராவைக் கண்டதும், “எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே மகன்” என்று முந்தானையை இழுத்துக்கொள்கிறார்கள். படிக்காத தன் பேச்சை யார் யார் கேட்பார்களோ, சொல்லும் பெயரால் யாருக்கு என்ன வருமோ, முகம் எங்கெல்லாம் போகுமோ என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அவர் சொல்லாமலே போனால் அந்த இரண்டு மணித்தியாலமும் அவரோடு போய்விடும் என்பதும் உண்மை.

கடன் எழுதுவது பற்றிய அல்பகராவின் 282ஆம் வசனம், சாட்சிகள் அழைக்கப்பட்டால் மறுக்கலாகாது என்கிறது. அதே வசனம், எழுதுபவருக்கோ சாட்சிக்கோ தீங்கு இழைக்கப்படலாகாது என்றும் சொல்கிறது. முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முதியவர்களிடம் தைரியத்தைக் கேட்டு நிற்கிறோம். இரண்டாவது பாதி கமரா பிடிப்பவரின் பொறுப்பு. முகம் வேண்டாம் என்றால் குரல் போதும். பெயரைச் சொல்லப் பயந்தால் பெயரில்லாமலே பதியலாம். பதிந்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டி, அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழிக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் தொலைபேசியை அலுமாரித் தட்டில் சாய்த்துவிட்டு, கேள்வி கேட்கப் பேத்தியை அருகில் உட்கார வைக்கலாம். மூத்தம்மாவுக்கு அப்போது பார்ப்பதற்கு ஒரு முகம் இருக்கும். வீட்டைப் பூட்டினீர்களா, திறப்பை யாரிடம் கொடுத்தீர்கள் என்று பிள்ளை கேட்கும்.