ஆடவல்லான் மரக்கால்

எழுத்தும் எண்ணும், முகத்தலும் நிறுத்தலும் வயிற்றுப் பிழைப்புக்குரிய சிறு கல்வி என்பாரும், பாசஞானமாகிய அவை பதியை உணர்த்தமாட்டாமையின் அவற்றை எளியார்க்குப் பயிற்றுதல் சைவர் கடமையன்று என்பாரும் உளர். அவர் கூற்று ஆராயற்பாலது.

முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சை இராசராசேச்சுரம் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அத்திருக்கோயிற் கல்வெட்டுக்களில், நெல் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்பட்டதும், பொன் அப்பெயரே பூண்ட கல்லால் நிறுக்கப்பட்டதும் காணப்படும். அம்பலத்தாடும் பெருமான் திருநாமமே நெல் முகக்குங் கருவிக்கு இடப்பட்டதாயின், முகத்தற் கல்வியைச் சிறிதென இகழ்தல் யாங்ஙனம் அமையும்?

காவிரி நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில், 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் எனவும், முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 எனவும் சிறுவர் ஒப்பித்தனர். ஆயின் அத்திண்ணையில் ஏறப்பெறாதார் மிகப் பலர். சேற்றிலிறங்கி நாற்று நட்டாரும், கதிரறுத்துப் போரடித்தாரும் அவரே. தாம் விளைத்த நெல்லைப் பிறர் அளப்ப, பிறர் கூறிய தொகையைக் கேட்டு, தாம் படித்தறியாத முறியிற் கைந்நாட்டிட்டனர். 1952-இல் எழுந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், வாரக்குடிக்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கு வகுத்தது. அஃது எத்துணைக் கலம் என்று தாமே காணமாட்டாதார்க்கு அச்சட்டம் ஏட்டளவே.

இனி, சிவஞான சித்தியார் அளவையைக் கூறியே நூலைத் தொடங்குதல் கற்றோர் அறிந்தது. காண்டல், கருதல், உரை என்பன அவ்வளவைகள். எழுத்தறியாதான் முறியைக் கண்டும் காணாதவனாவன். எண்ணறியாதான் கருதியுணரும் வாயிலை இழந்தவனாவன். எஞ்சியது உரை ஒன்றே. அவ்வுரையும் ஆப்தன் வாக்காயினன்றி அளவையாகாது. பொருளிற் பற்றுடையான் ஆப்தனாதல் யாண்டும் இல்லை. ஆகவே அவ்வேழை, அளவை மூன்றும் இழந்து இருளில் நிற்கின்றான்.

பாசஞானம் பதியை உணர்த்தாது என்பது உண்மையே. ஆயினும் ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு உடலும் கருவியும் உலகும் கூட்டி, பொழுது புலருங்காறும் விளக்குப்போல உதவச் செய்தவன் இறைவனே அன்றோ? அவன் ஏற்றிய விளக்கைச் சிறிதென்று கூறி, அதனைப் பிறர் கைக்கு எட்டாது மறைத்தல் அருட்செயலாகாது.

இற்றை நாளில் மரக்கால் ஒழிந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல் 40 கிலோ மூட்டையாக நிறுக்கப்படும். ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டைக் கடத்தலாகாது. தராசும் கருவியும் எண்ணையே காட்டுவன. அதனைப் படிக்கவல்லானே தன் உரிமையைக் கேட்கவல்லான். தஞ்சைக்கு அயலதாகிய புதுக்கோட்டையில் 1991-இல் தோன்றிய அறிவொளி இயக்கத்தில், வயதேறிய மகளிர் பலரும் இராப்பொழுதில் அமர்ந்து எழுத்துக் கற்றனர். கற்பித்தார் ஊதியம் பெறாத தொண்டர்.

அத்தொண்டு அளவை நூல் கற்றார்க்கே முதற்கண் உரியது. அந்தியில் திருமுறை ஓதி முடித்தபின், ஒரு நாழிகை ஓர் உழவனுக்கு எண்ணும் எழுத்தும் பயிற்றுவோன், ஆடவல்லான் மரக்காலைத் தலைதட்டாமல் அளந்தவனாவன்.